கொலுவில் நின்ற தொப்பிக்கார அம்மா

அமெரிக்காவில், பிளானோ ஊரில் ஒரு இந்தியக் கடை. பில் போடும் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் தேங்காயோடு நின்ற பெண்மணியிடம், பால் கேனைத் தூக்கிக்கொண்டு நின்ற இளம்பெண் கேட்டாள்:

"ஆன்ட்டி, உங்க கொலுவுல பிள்ளையாருக்குப் பக்கத்துல கோட்டு, தொப்பி போட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா நின்னாங்களே, யாரு அது?"

"என் பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குச் செஞ்ச பொம்மைம்மா. அந்தக் காலத்துல இங்க மினிஸ்டரா இருந்தவங்களாம். ஜெர்மனியிலேருந்து யூதருங்க உயிருக்குப் பயந்து ஓடி வந்தப்ப, மத்த ஆபீசருங்க கதவைச் சாத்தப் பாத்திருக்காங்க. இந்தம்மா சண்டை போட்டு உள்ள விட்டாங்களாம். விசிட்டர் விசாவுல வந்தவங்களுக்கு எக்ஸ்டென்ஷன் வேற குடுத்தாங்களாம்."

"எக்ஸ்டென்ஷனா!" பால் கேன் தரையில் இறங்கியது. "தெரியாம நான் பிள்ளையாரைப் பாத்துல்ல பாடிட்டு வந்தேன்!"

"எங்க வீட்டுக்காரரும் ஹெச்-ஒன் வேலை விசா எக்ஸ்டென்ஷனுக்கு அப்ளை பண்ணிட்டுத்தான் உக்காந்திருக்கார். விஷயம் தெரிஞ்சதும், பிள்ளையாருக்கு வச்ச சுண்டலை அந்தம்மா பக்கமா நகர்த்திட்டார். அவரோட ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்து விழுந்து கும்பிட்டுட்டுப் போறாங்க."

"கொலுதான் முடிஞ்சுதே ஆன்ட்டி. பொம்மையெல்லாம் பெட்டியில போட்டிருப்பீங்களே?"

"எல்லாத்தையும் போட்டாச்சு. அந்தம்மா மட்டும் ஃப்ரிட்ஜ் மேல நிக்கறாங்க. எடுக்கப் போனா இவர் கையைப் பிடிச்சுக்கறார். யாரையும் திருப்பி அனுப்பாதவங்களை நாம எப்படிடி பெட்டிக்குத் திருப்பி அனுப்பறதுங்கறார்."