அச்சில் வராத ஐம்பத்தேழாம் அடுக்கு

பெயர்: சிவமலர் இராசநாயகம். வயது: 46. விலாசம்: லண்டன், செவன் கிங்ஸ், லோர்டன் வீதி, 41ஆம் இலக்கம். தொழில்: மின் வரைபடம் வரைபவர். திகதி: 24 யூலை 2009, வெள்ளிக்கிழமை. பொலிசாருக்குக் கொடுத்த வாக்குமூலம், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முன்னிலையில் தமிழில் எழுதப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடன் வசித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1988இல் நெதர்லாந்துக்குப் போய், அங்கே மின் வரைபடத் தொழிலைப் படித்து, பதினொரு வருடம் வேலை செய்த பின்னர் 2003இல் லண்டனுக்கு வந்தேன். இங்கே என்னுடைய டச்சுச் சான்றிதழை ஒருவரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அதன் பின்னர் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் சிறிய வரைபட நிறுவனம் நடத்தும் வாமதேவன் என்பவர் எனக்கு வேலை தந்தார். அவருக்கு 58 வயது, சுவிஸில் இருந்து வந்தவர். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அங்கே அவர், நான், பாமா என்ற இன்னொரு பெண் ஆக மூன்று பேர் மட்டுமே வேலை செய்கிறோம்.

இந்த வருடம் பெப்ரவரி மாதம் டாகன்ஹாமில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கின் வேலை எங்களுக்கு வந்தது. அந்தக் கிடங்கின் 212 மின் வரைபடங்களும் பழைய மென்பொருள் ஒன்றில் இருந்தன. அதைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுவிட்டபடியால், எல்லாவற்றையும் வேறொரு வரைபட மென்பொருளுக்கு மாற்றித் தரும்படி கேட்டார்கள். மாற்றும் வேலை முழுவதும் என் பொறுப்பில் இருந்தது.

ஒரு வரைபடம் பார்வைக்கு ஒரே தாள் போலத் தெரிந்தாலும் உள்ளே பல அடுக்குகள் இருக்கும். கண்ணாடித் தாள்களில் வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தது போல. பழைய மென்பொருளில் அடுக்குகளுக்கு எண்கள், புதியதில் பெயர்கள். எந்த எண் எந்தப் பெயருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை நான் எழுதினேன். அந்தப் பட்டியலில் 57ஆம் எண் இல்லை. நாற்பதாம் எண்ணுக்கு மேல் அவர்கள் எதையும் வரையவில்லை என்று நினைத்து நான்தான் அதை விட்டேன், வேறு எவருடைய தலையிலும் இதைக் கட்டமாட்டேன்.

பழையதை வரைந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் 57ஆம் அடுக்கில் ஒரேயொரு விடயத்தைத்தான் போட்டிருந்தார். மெயின் சுவிட்சை நிறுத்தினால் சில நிமிடங்களுக்குள் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேற்றரில் இருந்து வரும் கம்பிகளும், மெயினை நிறுத்தினாலும் இந்தப் பிரேக்கர்ப் பெட்டிக்கு மின்சாரம் வரும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தன. பட்டியலில் இடம் இல்லாதவற்றைப் புதிய மென்பொருள் தன்பாட்டில் ஓர் அடுக்கில் போட்டுவிடும். அந்த அடுக்கு திரையில் தெரியும், அச்சடித்தால் தாளில் வராது. அது எனக்கு அப்போது தெரியாது. பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருப்பவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றி முடித்த வரைபடங்களைச் சரிபார்க்க எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய தாளையும் புதிய தாளையும் அச்சடித்து மேசையில் வைத்து, ஒருவர் பழையதைப் பார்த்து ஒவ்வொரு கம்பியாக வாசிக்க, மற்றவர் புதியதில் அதே கம்பியின்மேல் மஞ்சள் பேனாவால் கோடிழுத்து வர வேண்டும். அதற்கு இரண்டு பேரும் இரண்டு வாரமும் தேவை. அது மே மாதம். பாமா வேலைக்கு வராமல் பாராளுமன்றச் சதுக்கத்தில், ஊரில் நடந்த போரை நிறுத்தும்படி கேட்டு நின்ற சனத்தோடு நின்றார். சனி ஞாயிறுகளில் நானும் போய் நின்றேன். என் தம்பியின் குடும்பம் முள்ளிவாய்க்காலில் இருந்தது, ஏப்ரல் 26ஆம் திகதிக்குப் பிறகு அவர்களிடமிருந்து அழைப்பு வரவில்லை. இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. ஏன் இரண்டு பேர் சரிபார்க்கவில்லை என்று நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன்.

அப்போது வாமதேவன் என்னிடம் வந்து, "ரெண்டு ஸ்கிரீனிலையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தாக் காணும், சிவமலர். பேப்பர் அடிச்சு மினக்கெட ஆருக்கு நேரம் கிடக்கு?" என்று கேட்டார். நான் "ஓம் அண்ணை" என்றேன். மே 20, 21 ஆகிய இரண்டு நாட்களும், பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, 212 தாள்களையும் திரையில் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் இருந்தன. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அதன் பின்னர் வரைபடங்கள் கிடங்குக்கு அனுப்பப்பட்டன, அவர்கள் தங்களுக்குத் தேவையான தாள்களைத் தாங்களே அச்சடித்துக்கொண்டார்கள்.

யூலை 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை பதினொரு மணியளவில், திரும்பவும் வேலைக்கு வரத் தொடங்கியிருந்த பாமாவுக்கு மாதிரி காட்டுவதற்காக 88ஆம் தாளை அச்சடித்தேன். தாள் வெளியே வந்தது. வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. திரையில் பார்த்தேன், அங்கே ஜெனரேற்றரும் கம்பிகளும் எச்சரிக்கையும் இருந்தன. அச்சு இயந்திரத்தில் பிழை என்று நினைத்துத் திரும்பவும் அடித்தேன். அதுவும் அப்படியே வந்தது. அதன் பின்னர் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்ததில் ஒன்பது தாள்கள் அப்படி இருந்தன. பாமா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தது ஞாபகம் இருக்கிறது, குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

அன்று பின்னேரத்துக்குள் ஒன்பது தாள்களையும் திருத்தி, வாமதேவனின் அறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போதே அனுப்பி, பழையதைக் கிழித்துப் போடச் சொல்லுவோம் என்றேன். அவர் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "சத்தம் போடாதையும். திங்கட்கிழமை நானே அனுப்பிறன், புதுத் திருத்தம் எண்டு. பிழை எண்டு எழுத்திலை ஒண்டும் போடாதையும். அவங்கள் அடுத்த வேலையும் எங்களுக்குத் தாற யோசனையிலை இருக்கிறாங்கள்" என்றார். ஒரு போன் எடுத்துச் சொன்னால் என்ன என்று கேட்டேன். "எடுத்தாக் கேள்வி வரும்" என்றார். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அன்றைக்கு நின்றது. நாதியற்று நின்றபோது வேலை தந்த மனிதரை மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

யூலை 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது றமணன் என்பவரைச் சந்தித்தேன். றமணனுக்கு 34 வயது, எலக்ட்ரீசியன், மனோர் பார்க்கில் மனைவி கீர்த்திகாவுடன் இருந்தவர். எங்கள் வீட்டு வயரிங் வேலையும் அவர்தான் செய்தவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். அவர் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து, "செவ்வாய்க்கிழமை டாகன்ஹாமிலை பிரேக்கர் மாத்தப் போறன் அக்கா. உங்கடை ட்ரோயிங்தான் தந்திருக்கிறாங்கள், எண்பத்தெட்டாம் தாள். முந்தியதைப்போலக் கசகசா எண்டில்லை, நல்ல வடிவாக் கிடக்கு" என்றார்.

அவர் சொன்ன தாளின் வலப்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவரிடம், "தம்பி, மெயினை ஓவ் பண்ணினாலும் டெஸ்ட் பண்ணிப்போட்டுத்தான் கை வைக்கவேணும்" என்றேன். "எனக்கே பாடம் எடுக்கிறியளோ?" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற கீர்த்திகாவும் சிரித்தார். பின்னர் சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு மூவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தும், அந்தத் தாளை நம்பாதேயும் என்ற ஒரு வசனத்தை நான் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன் என்று அன்றிலிருந்து என்னையே கேட்கிறேன். நாளைக்கு அண்ணை அனுப்பிவிடுவார், செவ்வாய்க்கிழமைக்கு முன்னர் புதிய தாள் போய்விடும், ஏன் என் பிழையை நானே கோயிலில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளர் இந்தக் கடைசி வசனம் தேவையா என்று கேட்டார். எழுதும்படி சொன்னேன்.

திங்கட்கிழமை வாமதேவன் மதியத்துக்குப் பின்னர்தான் வேலைக்கு வந்தார். அனுப்பினீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

யூலை 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணியளவில் வாமதேவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அதன் பின்னர் என்னை உள்ளே கூப்பிட்டு, டாகன்ஹாமில் றமணன் பெட்டிக்குள் கை வைத்த இடத்திலேயே விழுந்து செத்துப்போனார் என்று சொன்னார். நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் தண்ணீர் தந்தார். தண்ணீரைத் தந்துவிட்டு, நாக்குக் கூசாமல், "திருத்தின ஒன்பது தாளும் மே மாசத் திகதியிலை இருக்கவேணும். நீர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை, நான் ஒண்டும் கேக்கேல்லை. விளங்குதோ?" என்றார். திருத்திய தாள்களை அவர் அனுப்பவேயில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. நான் திகதியை மாற்றவில்லை. யூலை 9ஆம் திகதி அச்சடித்த பிழையான ஒன்பது தாள்களையும் அன்று என் கைப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றை இன்று ஒப்படைத்திருக்கிறேன். அதன் பின்னர் நான் வேலைக்குப் போகவில்லை.

யூலை 20ஆம் திகதி திங்கட்கிழமை கீர்த்திகா என் வீட்டுக்கு வந்தார். றமணனை வேலைக்கு எடுத்த கொம்பனி அவருக்கு அனுப்பிய கடிதத்தைக் காட்டினார். மின்சாரம் நின்றுவிட்டதா என்று சோதிக்காமல் கவனயீனமாகக் கை வைத்தபடியால் இந்த மரணம் நேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது. கீர்த்திகா அழவில்லை. கடிதத்தைத் திரும்ப மடித்து, "நீங்கள் இந்த வேலை தெரிஞ்சனீங்கள் அக்கா. இவர் உண்மையா டெஸ்ட் பண்ணாமலோ கை வைச்சவர்? சனம் முழுக்க அப்பிடித்தான் கதைக்குது" என்று கேட்டார். நான் "இல்லைப் பிள்ளை, அப்பிடி இல்லை" என்றேன். அவருக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் நான் கிடங்குக்குப் போய், அன்று றமணனுக்குப் பக்கத்தில் நின்ற காவலாளியைக் கண்டு பேசினேன். அவருடைய வாக்குமூலத்தை நீங்கள் ஏற்கெனவே எடுத்திருப்பதாக அறிகிறேன். றமணன் மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சோதிக்கும் கருவியை ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன பின்னரே கை வைத்ததாக அவர் என்னிடம் சொன்னார். அப்போது உண்மையிலேயே மின்சாரம் இருக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஜெனரேற்றர் ஓடத் தொடங்கிய பின்னர்தான் வந்தது. அது வரும் என்று அவர் கையில் இருந்த தாளில் இல்லை.

கீழே உள்ளதை எல்லாவற்றுக்கும் முதலில் எழுதும்படி கேட்டேன். நடந்த ஒழுங்கில்தான் எழுத முடியும் என்று சொன்னீர்கள். ஆகவே இங்கே சொல்கிறேன். றமணன் கவனயீனமாக இருக்கவில்லை. அவர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார். பிழை என்னிடத்திலும், அதை மறைத்த வாமதேவனிடத்திலும் இருக்கிறது. எனக்கு என்ன நடந்தாலும் கொம்பனியின் அந்தக் கடிதம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இன்று கீர்த்திகாவும் என்னோடு பஸ்ஸில் வந்தார். இப்போது வெளியே வரவேற்பறையில் இருக்கிறார். தன் கணவருக்காகச் சாட்சி சொல்ல வந்த அக்கா என்று நினைத்து வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதன் பிரதி ஒன்றை எனக்குத் தரும்படி கேட்டிருக்கிறேன். வெளியே போனதும் அவருக்குப் பக்கத்தில் இருந்து, முதல் வரியில் இருந்து நானே வாசித்துக் காட்டுவேன்.

இதில் எழுதியிருப்பவை நான் செய்தவையும், செய்யாமல் விட்டவையும், என் காதால் கேட்டவையும் ஆகும். தமிழில் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டப்பட்டது. எவருடைய வற்புறுத்தலும் இல்லை. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்) சி. இராசநாயகம்