கொக்குகளின் சீசனுக்கு ஒரு நல்ல கவிதை

மைதானத்தில் விற்கும் ஹாட் டாக்கில் கடுகுச் சாந்து அதிகம் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. சட்டையில் சொட்டினால் கறை போகாது. நான் நிதானமான ஆள் என்று தெரிவிக்கத்தான் இதைச் சொல்கிறேன்.

பெயர் லைல் ஹாவர்கேம்ப். பெல்டனில் கண்ணாடிக் கடை. உங்கள் மூக்கின் மேல் இருப்பதும் என் கடைச் சரக்குதான், அதிகாரி. மற்ற நேரங்களில் கவிஞன். நம் ஊர் பேஸ்பால் அணியான கொக்குகள் சொந்த மைதானத்தில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கவிதை எழுதி வாரப் பத்திரிகைக்குக் கொடுப்பேன். உர விளம்பரத்துக்குக் கீழே போடுவார்கள். பொருத்தமான இடம் என்று என் நண்பன் நார்ம் சொல்வான்.

இந்த சீசனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் தோற்றோம், நம்பிக்கையைப் பற்றி எழுதினேன். மே மாதம் தோற்றோம், பொறுமையைப் பற்றி எழுதினேன். ஜூலையில் மழையைப் பற்றி எழுதினேன், ஏனென்றால் மழை பெய்து ஆட்டம் நின்ற அன்று மட்டும்தான் நாங்கள் தோற்கவில்லை. தோல்வியைப் பாடி ஒரு கவிஞன் எத்தனை நாள் வயிறு வளர்ப்பான்?

என் கவிதைகளைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆள் நார்ம் ஷ்ரைவர். குழாய் வேலைக்காரன். பல வருடங்களாக மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. "லைல், இதுக்குப் பதிலா ஸ்கோரை மட்டும் போட்டிருக்கலாம்டா. அதாவது புரியும்" என்பான். அவன்மேல் எனக்கு உயிர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சீசனின் கடைசி ஆட்டம், ஞாயிறு மதியம். நார்ம் வந்ததும் கோட்டைக் கழற்றி எங்களுக்கு முன்னால் இருந்த கம்பியில் போட்டான். எஸ்கலாந்தே என்ற பையன் எங்களுக்காகப் பந்தெறிந்தான். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தபோது ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். எதிரணியில் ஒருவனாலும் அவன் பந்தை அடித்து ஓடிச் சேர முடியவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே போனால் அது நோ-ஹிட்டர். எங்கள் மைதானத்தில் யாரும் கண்டதில்லை.

அது நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எப்படி உட்கார்ந்திருந்தோமோ அப்படியே இருக்க வேண்டும். கால்மேல் கால் என்றால் கால்மேல் கால்தான். எதையும் இடம் மாற்றக் கூடாது. இதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் தாராளமாகப் போய்க் கால்பந்து பார்க்கலாம்.

ஆறாவது இன்னிங்ஸில் நார்ம் என் பக்கம் திரும்பினான்.

"லைல், இந்தக் கை ஒரு மாதிரி இழுக்குதுடா."

"எந்தக் கை?"

"இடது."

"அப்ப வலது கையால கடலை தின்னு."

சிரிக்கத்தான் பார்த்தான். பிறகு, "கோட்டுப் பாக்கெட்ல மாத்திரை இருக்கு. கொஞ்சம் எடுடா, நெஞ்சை அடைக்குது" என்றான்.

கோட்டு கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் முதல் பந்திலிருந்து அது அந்தக் கம்பியில்தான் தொங்கியது. அது அங்கே தொங்கியபோதுதான் எல்லாமே நடந்திருக்கிறது. இப்போது போய் அதைத் தொடலாமா? "கொஞ்சம் பொறுடா. ஆட்டத்தைப் பாரு" என்றேன். நானும் சும்மா இருக்கவில்லை, காலி பீர் கோப்பையைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். மணிக்கட்டு மரத்துவிட்டது. அதை யாரும் கேட்கப் போவதில்லை.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் கூட்டம் மொத்தமும் எழுந்து சோம்பல் முறித்துப் பாடுவது வழக்கம். அதற்கு மட்டும் விலக்கு உண்டு. எல்லோரும் எழுந்தோம். நார்ம் எழவில்லை. அதுவும் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவதில், இருக்கை காட்டும் பெர்னீஸ் அம்மா படியில் இறங்கி வந்தாள்.

"என்னப்பா, நார்முக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? முதலுதவி ஆளைக் கூப்பிடவா?"

"பீர் கொஞ்சம் தூக்கலாப் போச்சும்மா. விடுங்க, தூங்கட்டும்."

நார்ம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் சத்தமாகச் சிரித்தேன். அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று தெரியும். நல்ல பெண்மணி.

எனக்குள் அப்போது கவிதை ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சீசன் முழுக்கத் தோல்வியைப் பாடியவனுக்கு அது என்ன சுகம் என்று உங்களுக்குப் புரியாது. ஒன்பதாவது இன்னிங்ஸ். முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆளும் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மைதானத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நார்ம் கொஞ்சம் முன்னதாகவே விடுவதை நிறுத்தியிருந்தான் என்று இப்போது டாக்டர் சொல்கிறார். அந்த நேரத்தில்தான் அவன் மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தான்.

அடுத்த பந்தை அவர்கள் ஆள் வலது பக்கமாக அடித்தான். தரையில் குத்தி உருண்டது. அவன் ஓடிச் சேர்ந்துவிட்டான், நோ-ஹிட்டர் போயிற்று. அவ்வளவுதான்.

உடனே கோட்டை எடுத்தேன். மாத்திரை இருந்தது. நார்ம்தான் இல்லை.

அன்று எழுதியதுதான் இந்த சீசனின் ஒரே நல்ல கவிதை. நார்மின் மனைவி ஜோலீன் அதை அடக்கத்தில் படிக்கச் சொன்னாள். ஊரே அழுதது. பத்திரிகைக்காரன் முதல் பக்கத்தில் போட்டான். அதைப் படித்துவிட்டு என்னைக் கிண்டல் செய்ய நார்ம் இல்லையே என்று கடையில் தனியாக உட்கார்ந்து நான் அழுததும் உண்மை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை இருக்கும் இடம் எனக்குத் தெரியும், எடுக்கவில்லை. உதவிக்கு வந்தவளைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான்தான். அவன் சாகிறான் என்று ஆறாவது இன்னிங்ஸிலேயே எனக்குத் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி இருந்தான், அதிகாரி. இன்னும் ஒரு பந்துக்கு நார்ம் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். பரவாயில்லை, அவனை நான் மன்னித்துவிட்டேன்.