கழுவாத இடம் மின்னும்

— மெதுவா பேசு டீச்சர். ஃபர்ஹான் இப்பத்தான் கண்ணு சொருவிகினு கீறான். பதினோரு புள்ளையும் நெத்திலி காயப்போட்டாப்ல வரிசையா கெடக்குதுங்க. ஒண்ணு முழிச்சா அத்தினியும் முழிச்சுக்கும்.

— மெதுவாத்தான் கேக்குறேன் தாயம்மாக்கா. காலைல காசிமேட்ல எறா உரிச்சுட்டு நேரா இங்கதானே வர்றீங்க?

— ஆமா. அதுக்கு இன்னா? வந்தவொட்னே சோப்பு போட்டுக் கய்விட்டுதான் புள்ளைங்கள தொட்றேன்.

— கழுவியும் வாசனை வருதே.

— அது பொறந்ததுலர்ந்து வருது. வாசன வேற, கலீஜு வேற. இந்தக் கைய மோந்துகினுதான் ஃபர்ஹான் தூங்கறான். அவுங்கம்மாவும் எறா உரிக்கிறவதான?

— மாதாவே, சண்டைக்கு வரலக்கா. போன வாரம் மூணு புள்ளைங்களுக்கு வயித்தால போச்சு. மலரு ஒம்போது மாசக் கொழந்த, இன்னும் ஆஸ்பத்திரில டிரிப்ஸ்ல கெடக்குது. தண்ணி நல்லாத்தான் இருக்கு, பாத்துக்கறவங்க கைலர்ந்துதான் போயிருக்கும்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. இந்தக் காப்பகத்துல நம்ம ரெண்டு பேருதானே?

— அதான் என் பேர்ல லெட்டரு எய்தி ரிஜிஸ்டருக்கு அடியில வெச்சுகினு கீறியா?

— யாருக்கா சொன்னா?

— தூசி தட்டசொல்ல கண்ல பட்டுச்சு. எய்த்துக் கூட்டிப் படிப்பேன் நானு. 'தாயம்மாவை வேலையிலிருந்து நிறுத்தும்படி.' நேத்து கனால கடலு முச்சூடும் சோப்பு நொர டீச்சர். நான் கய்விகினே கீறேன், தீரவேயில்ல. இந்த வேல பூட்டா, இதுங்க மூச்சுச் சத்தம் கேக்காம நான் இன்னா பண்ணுவேன்?

— சாயங்காலம் கமிட்டிக்குக் குடுத்தாகணும். எனக்கு வேற வழி தெரியல.

— ஒரு வழி கீது. நர்சம்மா பொடியும் நீல லைட்டும் வுட்டுட்டுப் போச்சே. பொடியப் பூசிக் கய்வுனா, கய்வாத எடம் மட்டும் மின்னும்னு சொல்லுச்சுல்ல? ஸ்கிரீன இஸ்து வுடு. என்னிய சோதன பண்ணு.

— சரி, பூசிட்டு எப்பவும் போலவே கழுவிட்டு வாங்க.

— இரு, பையன் வெரல புட்சுகினு கீறான். ஹார்பர்ல கப்பலு ஊதுது பாரு, தூக்கத்துலயே சிரிக்கிறான். ஆங், வுட்டுட்டான்... இந்தா, கய்வியாச்சு. அடி லைட்ட.

— ஒண்ணுமே மின்னல. நகத்துக்கடியில கூட இல்ல.

— எறா உரிக்கிறவ கை டீச்சர். நகத்த ஒட்ட வெட்டலன்னா முள்ளு குத்தி சீழ் புட்சுக்கும். இப்ப நீ பூசு.

— நானா?

— ரெண்டு பேருதானன்னு நீதான சொன்ன.

— சரி. இதோ, நானும் கழுவியாச்சு.

— யம்மா! இன்னா அழகு! போன வருசம் அலையெல்லாம் நீலமா மின்னுச்சே, திருவொத்தியூரே கரையில நின்னு பாத்துச்சே, அது மாதிரி கீது. ஒன் வெரல சுத்தி ஒரு வளையம். மாதா மோதரத்துக்கு இம்மாம் சக்தியா?

— சக்தி இல்லக்கா. பொடி. மோதிரத்துக்கு அடியில, அதுல செபமாலை மாதிரி இருக்குற பத்து முத்துக்கு நடுவுல. எங்க வீட்டுக்காரர் டெரிக் கப்பல் வேலைக்குப் போறப்ப போட்டுவுட்டது. அவர் திரும்பி வர்ற வரைக்கும் கழட்டமாட்டேன்னு மாதாகிட்ட நேர்ச்சை. எட்டு மாசமாச்சு. கை கழுவுறப்பவும் கழட்டல.

— வுடு டீச்சர்.

— எப்படி வுடுறது? மொதல்ல வயித்தால போன புள்ளைக்குத் துணி மாத்தினது நான். அதே கையால மலருக்கு சாதம் பெசஞ்சு ஊட்டினதும் நான்.

— நான் ஒண்ணும் பாக்கல. லைட்ட அணைச்சுட்டேன். ஸ்கிரீன தொறக்கட்டா?

— வேணாம், கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கட்டும். அந்த சோப்ப எடுங்க. வெரல் வீங்கிக் கெடக்கு, வழுக்கினாத்தான் கழரும்.

— நேர்ச்ச இன்னாவறது?

— மாதாவும் புள்ள வளத்தவதானே. புரிஞ்சுக்குவா.

— அப்ப அந்த லெட்டர கிய்ச்சுப் போட்றட்டா?

— கிழிக்காதீங்க தாயம்மாக்கா. பேரு மட்டும் மாத்தணும்.