பலகைக்கு வெளியே

இந்த நாற்காலி ஆடாமல் நிற்கிறது, ஐயா. எங்கள் சதுரங்கச் சங்கத்தில் அப்படி ஒன்றுகூடக் கிடையாது; காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துத்தான் உட்காருவோம். தண்ணீர் போதும். சொல்கிறேன்.

அண்ணன் என்னைவிட இரண்டே வயது மூத்தவன். சங்கக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் வருஷா வருஷம் நாங்கள்தான் மோதுவோம். வருஷா வருஷம் அவன்தான் ஜெயிப்பான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் காய்களை மறுபடி அடுக்கி, நான் சறுக்கிய இடத்தை விரலால் தட்டிக் காட்டுவான்.

"தோத்தது பெரிசில்லடா தம்பி. எங்க தோத்தோம்னு தெரியணும். வலிக்கிற எடத்துல தேடாத, அதுக்கு முன்னாடி தேடு."

சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் அவன் சொன்னதில் குறை காண முடியாது. அப்படித்தான் ஒவ்வொரு தவறாகத் திருத்திக்கொண்டு வந்தேன்.

போன வருஷம் என் கை ஓங்கியிருந்தது. அவன் ராஜாவைச் சுற்றி வளைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவனுக்கு மூச்சு இழுத்தது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. நான் பதறிப்போய் ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தினேன். கதவுக்குப் பின்னால் தொங்கிய அவன் கோட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன், முதுகையும் தடவிவிட்டேன். கண்ணை மூடிச் சற்று உட்கார்ந்திருந்தான். தெளிந்ததும் குதிரையைத் தூக்கி ஓரிடத்தில் வைத்தான். அதோடு என் ஆட்டம் முடிந்தது.

அன்று காய்களை அடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உன் ஆட்டத்துல தப்பே இல்லடா. பின்ன எப்படித் தோத்த?" அவன் மடியில் கோப்பை இருந்தது.

அந்தத் தவறை வருஷம் முழுக்கத் தேடினேன், ஐயா. பலகையில் கிடைக்கவில்லை. பிறகு அவன் சொன்னதே வழி காட்டியது. குதிரை வந்தது வலித்த இடம். அதற்கு முன்னால் நான் என்ன செய்தேன்? எழுந்து போய்க் கோட்டுப் பையில் கையை விட்டேன்.

இந்த வருஷம் அவன் கைகழுவப் போனபோது கோட்டிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியறையில் சத்தமாக இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நடுவரும் சரி என்று வெளியறையிலேயே இருந்துகொண்டார். பதற்றம் கூடினால் அவனுக்கு மூச்சு இழுக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவனைப் பதற வைக்கிற மாதிரியே ஆடினேன்.

பாதி ஆட்டத்தில் எழுந்து போய்க் கோட்டின் இரண்டு பைகளையும் துழாவினான். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். "தம்பி" என்றான். மறுபடி வாயசைத்தபோது சத்தம் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய கடிகாரம். எதிராளியின் முறையில் அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது விதி. நான் கையைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தேன். அவன் நேரம் தீர்ந்த பிறகு கதவைத் திறந்து நடுவரைக் கூப்பிட்டேன்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்குச் சதுரங்கம் தெரியாது.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். தவறு செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு காய்களை அடுக்கி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்துக் காத்தும் இருந்தேன். தவறு இருந்திருந்தால் அண்ணன் சொல்லியிருப்பான்.