அஷ்டமி வேண்டாம் என்றேன்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

எல்லாம் கம்ப்யூட்டரில்தான் தொடங்கியது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையரான பிறகு பொழுது போக வேண்டுமே என்று ஒன்று வாங்கிப் போட்டேன். காட்டூரில் இந்தப் பிச்சை என்றால் ஜாதகம் பார்க்கிறவர் என்றுதான் தெரியும். பிறந்த நேரத்தைத் தட்டினால் ராசிக் கட்டம் வந்து நிற்கும். என் மகள் இளவேனிலின் கணவர் தமிழ்மணி, நல்ல மனிதர், ஆடி மாதம் என்னைக் கேட்காமல் அதில் ஏதோ சாஃப்ட்வேர் போட்டார். மறுநாளிலிருந்து எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

காந்தி மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடையில் லிசி என்றொரு பெண் இருக்கிறாள். போனில் கேட்டேன்.

“பயப்படாதீங்க சார். நல்லா இருந்த ஒரு தேதிக்குத் திருப்பிடலாம். அந்தத் தேதிக்கு அப்புறம் போட்டதெல்லாம் போயிடும். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க, மொத்தமும் போயிடும்” என்றாள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

கம்ப்யூட்டர் இரண்டு தேதிகளைக் காட்டி எது வேண்டும் என்றது. தேதி என்று வந்துவிட்டால் பஞ்சாங்கம் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன். ஒன்று சித்திரையில், தேய்பிறை அஷ்டமி. போயும் போயும் அஷ்டமிக்கா திரும்புவது? மற்றது தை மாதத்து முகூர்த்த நாள். மாசியில் நடந்த மகள் கல்யாணத்துக்கு முந்தியது. அதைத் தொட்டேன். எழுத்தெல்லாம் முத்து முத்தாக வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மேடம்.

பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இந்த சோபா தை மாதத்தில் இல்லை. ஹாலில் இந்தப் பச்சைப் பெயிண்ட் அப்போது இல்லை. என் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது நிற்கும் வாஷிங் மெஷினும் அப்போது இல்லை. மகள் என்னோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவளோ ஆபீஸ் விட்டு வந்ததும் மாப்பிள்ளையோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பழையபடி ஆக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றியது.

சோபாவை விற்றேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். வாஷிங் மெஷினை, துணி துவைக்க வரும் மாரியாயிக்கே கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் கோபப்பட்டாள். மாப்பிள்ளைதான் எனக்குப் பரிந்து பேசினார்.

மிச்சம் இரண்டுதான். சித்திரையில் மாப்பிள்ளை வாசலில் கட்டிய தண்ணீர்த் தொட்டி, தரைக்கடியில் சம்ப் என்கிறோமே, அது ஒன்று. இன்னொன்று மாப்பிள்ளை. தொட்டியைத் தூர்க்க ஒரு லோடு மணல் இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வயலூர் கோயிலுக்குப் போயிருந்தாள். தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது என்றேன். என் சொல்லைத் தட்டாதவர், தண்ணீரை இறைத்துவிட்டு பிரஷ்ஷோடு உள்ளே இறங்கினார். ஏணியை எடுத்தேன். இரும்பு மூடியைப் போட்டு மணலை அதன்மேல் தள்ளினேன்.

“மாமா, மூடி விழுந்துடுச்சு. திறங்க மாமா” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. நடுவுல நிறுத்தக் கூடாதாம்.”

மரியாதையாகத்தான் சொன்னேன். உள்ளே சத்தம் நிற்கும் வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

இளவேனில் வந்து தேடியபோது நானே சொல்லிவிட்டேன். அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. வெறுங்கையால் மணலைத் தோண்டினாள். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் அம்மா என்றேன். காதில் விழவில்லை போலிருக்கிறது. இப்போது ஸ்ரீரங்கத்தில் சித்தி வேலம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். இனி என் முகத்தில் விழிக்க மாட்டாளாம்.

தை மாதம் அந்த முகூர்த்த நாளில் மகள் எங்கே இருந்தாள் என்று கேட்டீர்கள். ஸ்ரீரங்கத்தில்தான். அதே சித்தி வீட்டில். அவள் அம்மா மலர்க்கொடியை ஆஸ்பத்திரியில் சேர்க்க நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கோபம். அவள் அம்மா போனதிலிருந்து என்னோடு பேசவில்லை. ‘உங்க அப்பா தனியா இருக்காரு, பாவம்’ என்று சொல்லி அவளைக் காட்டூருக்குக் கூட்டி வந்ததே மாப்பிள்ளைதான். அப்படிப் பார்த்தால் வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது.

அந்த இன்னொரு தேதி இருக்கிறதே மேடம், சித்திரையில். அன்றுதான் தொட்டியில் முதல் தண்ணீர் விட்டோம். இளவேனில் பாயசம் வைத்தாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். “இன்னும் கொஞ்சம் குடிங்கப்பா” என்று என் டம்ளரில் அவளே ஊற்றினாள்.

அந்த லிசியைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். அஷ்டமிதான், பரவாயில்லை.