கேட்க மட்டும் வந்தவர்

– அப்ப ஏட்டு சுயம்புலிங்கம் ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல. அப்படித்தானே மேனேஜர் சார்?

– சொல்லலை. கேட்டார். நான் பதில் சொன்னேன். இதோட மூணு தடவை சொல்லியாச்சு இன்ஸ்பெக்டர் சார்.

– இன்னும் முப்பது தடவ கேப்பேன், அதுக்குத்தான் சம்பளம். இந்தா பாருங்க, ஆடிப்பூரத்தன்னைக்கு ராஜபாளையத்துல ஒங்க மில்லுப் பின்வாசல்ல நாலு பேரு வெடிகுண்டுப் பையோட வந்து நின்னுருக்கானுவ. தேரோட்டத்தன்னைக்கு ஒரு வருசமும் பூட்டாத கேட்டு, அன்னைக்குப் பூட்டிக் கெடக்கு. உள்ள எட்டுப் பேரு கம்போட நின்னு நாலு பேரையும் மடக்கிருக்கானுவ. எப்படி? ஆண்டாள் கனவுல வந்து சொன்னாளா?

– சொல்லியிருந்தா என் பாக்கியம். அப்படியே எழுதிக்கோங்கோ, எனக்கு ஆட்சேபணை இல்லை.

– வெளையாட்டு இல்ல சார். மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வாறாரு. இதே நாற்காலியில ஒங்கள உக்கார வச்சுக் கேக்கப் போறாரு. ஆடி பொறந்ததும் இந்த ஆபீசுக்கு ஒரு ரகசியக் கடுதாசி வந்துச்சு. கரண்டு ஆபீஸ் எதையாவது அடிக்கப் போறானுவ, தேரன்னைக்கு நடக்கும்னு. அது டிபார்ட்மெண்டத் தாண்டப்படாது. பிரைவேட் கம்பெனிக்குப் போச்சுன்னா, கொண்டு போனவன் வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு. ஏட்டுக்கு ரிட்டயராக ஏழு மாசம்தான் கெடக்கு.

– அப்போ அவர்கிட்டயே கேளுங்கோளேன்.

– கேட்டாச்சு. பாஸ்போர்ட் விசாரணைக்குப் போனேன்னு நிக்காரு. அது கெடக்கட்டும், மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லுங்க. அன்னைக்கு எதுக்கு வந்தாரு?

– பாஸ்போர்ட்டுக்குத்தான். என் தங்கை பிள்ளை, என்னோட ஆத்துலதான் இருக்கான், மஸ்கட் போறான். சைக்கிளை ஆபீஸ் வாசல்ல சாத்திட்டு உள்ளே வந்தார். பையனோட பிறந்த தேதி கேட்டார், சொன்னேன். அங்க அடையாளம் கேட்டார், இடது முழங்கையிலே மச்சம்னேன். எழுதிண்டார். எழுதிண்டே, ‘ஐயா, தேரன்னைக்கு மில்லு லீவுதானே?’ன்னார்.

– அது ஊருக்கே தெரிஞ்ச விசயம்ல.

– அதனாலேதான் நானும் ஆமான்னேன். அப்புறம், பின்வாசலைத் திறந்து விடுவேளாமே, நெசமான்னு கேட்டார். ஆமா, முதல் நாள் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காலம்பற வர்றவா, மில்லை ஒட்டின கரண்டு சப்ஸ்டேஷன் யார்டு ஓரமாக் குறுக்கே போனா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிச்சுடலாம், சுத்திப் போனா தேர் நகர்றதைப் பாக்க முடியாதுன்னேன். அவர் பேனாவை மூடி வச்சுட்டார்.

– ஒசந்த வோல்டேஜ் யார்டுக்குள்ள ஊரு சனத்த நடக்க விடுதீய. தப்பாத் தெரியலியா?

– தப்புதான். இருபது வருஷமா எல்லாருமாச் சேர்ந்து பண்ணின தப்பு. தேருக்குப் போறவாளைத் தடுத்தா பாவம்னு ஒரு நினைப்பு. எனக்கு முன்னாடி இருந்தவர் திறந்தார், நானும் திறந்தேன். அன்னைக்கு வாட்ச்மேனும் வடம் பிடிக்கப் போயிடுவான்.

– சரி, மேல சொல்லுங்க.

– சாவி எங்கே இருக்கும்னு கேட்டார். ஆணியிலேன்னேன். ஆணி எங்கேன்னார். காட்டினேன். சித்த நேரம் அந்த ஆணியையே பாத்துண்டு நின்னார். காப்பி ஆறிப்போச்சு. வெளியே வந்து யார்டைப் பாத்து, இந்தக் கம்பியெல்லாம் எங்கெங்கே போறதுன்னு கேட்டார். எங்க மில்லுக்கு ஒண்ணு, மத்ததெல்லாம் ஊருக்குன்னேன். ஆஸ்பத்திரிக்கான்னார். ஆமான்னேன். குடிதண்ணி பம்புக்கான்னார். அதுக்கும்தான்னேன்.

– வெடிகுண்டுன்னு ஒரு வார்த்த?

– இல்லை.

– காகிதம் எதுவும் காட்டுனாரா?

– பாஸ்போர்ட் பாரத்தைக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொல்லி.

– ஜாடையாவது காட்டிருப்பாருல்ல?

– நல்ல பூட்டு எந்தக் கடையிலே கிடைக்கும்னு கேட்டார். எங்க செக்யூரிட்டியிலே பட்டாளத்துலேர்ந்து வந்தவா எத்தனை பேர்னு கேட்டார். எட்டுன்னேன். எட்டுப் பேரும் தேருக்குப் போயிடுவாளான்னார். எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதான். ஏட்டையா, என்ன விஷயம், சொல்லுங்கோன்னு கையைப் பிடிச்சுண்டேன்.

– அதுக்கு?

– ‘நான் கேக்கதுக்கு வந்தவன்யா, சொல்லுறதுக்கு வரல’ன்னார். கையை விடுவிச்சுண்டார். பாரத்தை நாலா மடிச்சுச் சட்டைப் பையிலே வச்சுண்டார். மடிச்சதையும் எழுதிக்கணுமா?

– அதெல்லாம் வேண்டாம். கடைசியா என்ன கேட்டாரு?

– கடைசியா ஒண்ணு கேட்டார். அதை மட்டும் சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு.

– சொல்லித்தான் ஆவணும்.

– ‘நீங்களும் இந்த வருசம் தேருக்குப் போவீயளா?’ன்னு கேட்டார். எங்காத்து விஷயம் அவருக்குத் தெரியும். தேருக்கு முன்னாடி பிரபந்தம் சேவிச்சுண்டு போற கோஷ்டியிலே எங்க குடும்பத்துக்கு ஒரு இடம் உண்டு. அப்பாவுக்கு அப்புறம் இருபத்திரண்டு வருஷமா நானும் எங்க அண்ணா ஆராவமுதனும் நிக்கறோம். ஒரு வருஷம் விட்டதில்லை. போவேன்னேன். அவர் தலையைக் குனிஞ்சுண்டு சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துட்டார். போறவரைப் பாத்துண்டே நின்னேன். வாசல் தாண்டறதுக்குள்ளே முடிவு பண்ணிட்டேன், போகப்படாதுன்னு.

– அங்கதான் ஒங்களுக்கு வெனையே. பெரிய அதிகாரி அதத்தான் பிடிப்பாரு. எம்புட்டோ வருசமா விடாம கோஷ்டியில நின்ன மனுசன், இந்த வருசம் மில்லு வாசல்ல போயி நிக்காரு. ஊரே திட்டுது, பின்வாசலப் பூட்டிட்டான் பாவின்னு. போலீசு சொல்லல, கனவும் வரல. அப்ப யாரு சொல்லிருப்பா? அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தானே சொல்லிருக்கணும்? அவிய அப்படித்தான் எழுதுவாவ. நீங்க உள்ள போவீய.

– எழுதட்டும்.

– சார், யோசிச்சுப் பேசுங்க. அஞ்சு மாசம் ஆறு மாசம் ஜாமீனே கெடைக்காது. மில்லுல வேலையும் போயிரும். இந்தா பேப்பரு. ஏட்டு சொன்னாருன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. செத்த நேரத்துல வீட்டுக்குப் போயிரலாம்.

– அவர் சொல்லலையே. சொல்லாததை எப்படி எழுதறது?

– ஒங்களுக்கே தெரியும், அது சொன்ன மாதிரிதான்னு.

– அது எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரிய வேண்டாம். இதோ பாருங்கோ, நானும் ஒண்ணு கேக்கறேன். யார்டு கரண்டு போர்டோடது. அதைச் சுத்திச் சுவரும், பின்வாசல் கேட்டும், நிலமும் எங்க மில்லோடது. ஆபத்து வரப்போறதுங்கறது உங்க பீரோவிலே இருக்கு. அதைத் தடுக்கற பூட்டு எங்க ஆணியிலே தொங்கறது. ரெண்டும் பேசிக்கவே கூடாதுன்னு எந்தப் புண்ணியவான் சட்டம் எழுதினான்? உங்க போலீஸ்காரர் ஒருத்தர் அன்னைக்கு யார்டோட முன்வாசல்ல நின்னாரே, பின்வாசலுக்கு ஏன் யாரும் வரலை?

– அது பிரைவேட் எடம். கடுதாசியில அரசாங்க எடத்துக்குத்தான் காவல்னு போட்டிருந்துச்சு. மத்த போலீஸ் அம்புட்டும் தேருக்குப் பந்தோபஸ்து.

– அதைத்தான் சொல்றேன். ஏட்டையா மட்டும் பாஸ்போர்ட்டை மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா, ஷிப்ட் முடிஞ்சு வந்த நூறு பேர் நடுவிலே அந்தப் பை வெடிச்சிருக்கும். ஆஸ்பத்திரியிலே விளக்கு அணைஞ்சிருக்கும். ஊருக்குத் தண்ணி வந்திருக்காது. ஏழு மாசத்துலே வரப்போற பென்ஷனைப் பணயம் வச்சு, பத்துப் பதினோரு கேள்வியிலே ஊரைக் காப்பாத்தினார் அந்த மனுஷர். பொய் சொல்லலை, ரகசியத்தை உடைக்கலை, சட்டத்தையும் மீறலை. எனக்குக் காலேஜ்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எத்தனையோ கெட்டிக்காரா பழக்கம். இவருக்கு ஈடு ஒருத்தரும் இல்லை. அவரைக் காட்டிக் கொடுத்துட்டு நான் வீட்டுக்குப் போனா, எந்த மூஞ்சியை வச்சுண்டு ஆண்டாள் சந்நிதியிலே நிப்பேன்?

– அண்ணன்கிட்டயாவது சொன்னீயளா, எதுக்குத் தேருக்கு வரலைன்னு?

– சொல்லலை. நாலு நாளா அவர் என்னோட பேசறதில்லை. சம்பளம் கொடுக்கறவன் பெரிசாப் போயிட்டான், பெருமாள் சின்னதாப் போயிட்டார்னு மன்னிகிட்ட சொன்னாராம். சொல்லிட்டுப் போகட்டும். அண்ணாவோட கோபத்தைத் தாங்கிக்கலாம். ஏட்டையாவோட வேலை போனா என்னாலே தாங்க முடியாது.

– அப்ப நாளைக்கும் இதேதான் சொல்லுவீய?

– இதேதான். அத்தனை கேள்வியையும் வரிசை மாறாமச் சொல்லுவேன்.

– அவரு மேசையத் தட்டுவாரு. வீட்டுப் பொம்பளைய பேரெல்லாம் இழுப்பாரு.

– தட்டட்டும். மேசை சர்க்காருதுதானே.

– சரி. எழுதிட்டேன். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

– ‘பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு என்னிடம் கேள்விகள் மட்டுமே கேட்டார். எந்தத் தகவலும் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள் யார்டு வழியாக நடப்பது ஆபத்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்து, கேட்டைப் பூட்டினேன்.’ இன்ஸ்பெக்டர் சார், இந்தக் கடைசி வரி நான் சொல்லலையே.

– தப்புன்னு நீங்கதானே சொன்னீய. அது ஒங்களுக்குத் தேருக்கு முன்னாடியே ஒறைச்ச மாதிரி இழுத்து வச்சேன். இது இருந்தா ஒங்க மேல எவனும் கை வைக்க முடியாது.

– அப்போ இத்தனை நேரம் மிரட்டினதெல்லாம்?

– நாளைக்கு அவரு இதவிட மெரட்டுவாரு. நீங்க நிப்பீயளா, சாஞ்சிருவீயளான்னு எனக்குத் தெரியணும்ல.

– உங்களுக்கு ஏன் சார் இந்தக் கவலை? அதுவும் போகட்டும், எனக்கு ஒண்ணு புரியலை. ரகசியக் கடுதாசின்னா உங்க பீரோவிலேதானே பூட்டி இருக்கும். பாஸ்போர்ட் வேலை பாக்கற ஏட்டு கண்ணிலே அது எப்படிப் பட்டுது?

– அத ஏட்டு மேசையில விரிச்சு வச்சிட்டு, மத்தியானம் சாப்பிடப் போயி, சாயங்காலம் வரைக்கும் திரும்பாம இருந்தவன் நாந்தான் சார்.