ஆஸ்லாக் எழுதிக் கொடுத்தது

இல்லம்மா, நான் நம்பல. உங்க கையில இருக்கு பாருங்க, அந்தப் பழைய விபத்து அறிக்கை, அதைத்தான் சொல்றேன். ஒன்பது வருஷமா நம்பல. உக்காருங்க, தூவாம்மா, சொல்றேன். நான் ஏற்கெனவே உக்காந்துதான் இருக்கேன், எனக்காக நீங்க நிக்க வேண்டாம்.

சமூகப் பொறுப்பா? அதை ஒரு தனி அறையில வெச்சுப் பூட்டியிருப்போம்னு நெனச்சு வந்தீங்களா? மொத்தம் எட்டுப் பேரும்மா நாங்க. வீடு கட்டுவோம், கூரை போடுவோம், மழை பெஞ்சா மழையத் திட்டுவோம். நகராட்சியிலேருந்து நீங்க அந்தப் படிவத்த அனுப்பினதும் எங்க முதலாளி ஆஸ்லாக் மூணு நாளு அதையே மொறச்சுப் பார்த்துட்டிருந்தான். உங்கள் நிறுவனம் சமூகத்துக்கு என்ன செய்கிறதுன்னு மொதக் கேள்வி. கூரை ஒழுகாம பார்த்துக்கறோம்னு எழுதுடான்னேன். எழுதல. அவனுக்கு வெளையாட்டே தெரியாது.

சிரிங்க, தப்பில்ல. அந்த வாஃபிள எடுத்துக்குங்க. உங்களுக்காக அவனே சுட்டது, ஓரமெல்லாம் கருகித்தான் இருக்கும். பழுப்புச் சீஸ நெறைய வெச்சுக்கிட்டா தெரியாது.

ஆமா, பள்ளிக்கூடம் கட்டற வேலைய யாருக்குக் கொடுக்கறதுன்னு உங்க கையிலதான் இருக்கு, தெரியும். அது கெடைக்கலன்னா எட்டுல மூணு பேர் வீட்டுக்குப் போகணும். குறுக்க நிக்கறது இந்தத் தாள் ஒண்ணுதான். பாதுகாப்புக் கயிறு இல்லாம ஆளைக் கூரையில ஏத்தின முதலாளி. அவனே எழுதி அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். ஏறி விழுந்த ஆள் நான், ரெய்டார். இந்தச் சக்கர நாற்காலி அதுலதான் வந்துச்சு. வேலைய விட்டு அனுப்பாம கணக்குப் போடற மேசையில என்னை உக்கார வெச்சிருக்கான். அதையும் சமூகப் பொறுப்புல சேர்த்துக்குங்க, நல்லா தொட்டுப் பார்த்துக்கலாம்.

எனக்கு ஞாபகம் இருக்கறதா? கொஞ்சம்தான். காலையில உக்காந்து பொம்மைக்கு வைக்கோல் அடைச்சுட்டிருந்தேன். கூரைச் சட்டம் நின்னாச்சுன்னா வீட்டுக்காரர் வேலைக்காரங்களுக்கு விருந்து போடணும்ல? புளிச்ச பாலாடைக் கஞ்சி, பியர், அவ்வளவுதான் கேக்கறோம். பெர்கன் டவுன்லேருந்து ஒரு பல் டாக்டர், மலையில ஓய்வு வீடு கட்டறவரு, அவர் போடல. போடாதவருக்கு என்ன மரியாதையோ அதைத்தான் செஞ்சேன். அவரை மாதிரியே ஒரு வைக்கோல் ஆளு. உச்சியில தொங்கவிட்டா போறவன் வர்றவனெல்லாம் பார்த்துட்டுக் கஞ்சன்னு தெரிஞ்சுக்குவான். வெள்ளைக் கோட்டு மாட்டி, வாயில ரெண்டு மரப் பல்லு வெச்சேன். பல்லைச் சீவினது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அடுத்து ஆஸ்பத்திரியோட வெள்ளைச் சீலிங். நடுவுல ஒண்ணுமே இல்லம்மா, தொடச்சு எடுத்த மாதிரி.

மத்த பசங்க மழைக்கு வண்டிக்குள்ள உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தாங்க. வெளிய நானும் ஆஸ்லாக்கும்தான். அதனால என் வாழ்க்கையில அந்த அரை மணி நேரம் அவன்கிட்ட இருக்கு. நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள எழுதியும் கொடுத்துட்டான். கயிறெல்லாம் வேண்டாம், சீக்கிரம் ஏறுன்னு ரெய்டார்கிட்ட நான்தான் சொன்னேன், அப்படின்னு.

சீக்கிரமா? ஆஸ்லாக்கா? பல்பு மாத்த நாற்காலியில ஏறினாக்கூட ஓடி வந்து காலைப் பிடிச்சுக்கறவன். என் கல்யாணத்துல மோதிரம் எடுத்துக் கொடுக்க வேண்டியவன் எங்கடான்னு தேடினா, சர்ச் ஏணி ஆடுதுன்னு அதுக்கு முட்டுக் கொடுத்துட்டிருக்கான். அவன் ஒரு பொம்மைக்காக என்னை ஏத்துவானா, சொல்லுங்க.

அப்ப ஏன் இத்தனை வருஷமா கேக்கலையா? நல்லா கேக்கறீங்க, உங்க படிவத்தைவிட நல்லா கேக்கறீங்க. கேக்காம இருக்கறது சௌகரியமா இருந்துச்சும்மா. கால் போனதுக்குத் திட்ட ஒரு ஆள் இருந்தான். நான் கொஞ்சம் திட்டினேன், என் பொண்டாட்டி உன்னி நெறைய. எங்க வீட்டு வாசல்ல இந்த நாற்காலி ஏற சரிவுப் பலகை, உள்ள கதவெல்லாம் இடிச்சு அகலமாக்கினது, எல்லாம் ஆஸ்லாக் வேலைதான். சனிக்கெழமை சனிக்கெழமையா ஒரு வருஷம் வந்தான். உன்னி ஒரு நாள்கூட அவனுக்குக் காப்பி கொடுக்கல. நம்ம ஊர்ல, வீட்டுக்கு வந்து வேலை செய்யறவனுக்கு. அவன் ஃபிளாஸ்க் கொண்டாந்து படியில உக்காந்து, மழை பெஞ்சாலும் அங்கயே குடிச்சுட்டுப் போவான். நான் ஜன்னல் வழியா பார்த்துட்டிருப்பேன். அப்பவே எனக்குச் சந்தேகம்தான். உள்ள வாடான்னு சொல்லல. சொல்லியிருந்தா அடுத்தது அதைக் கேக்க வேண்டியதா போயிருக்கும்.

இதை எழுதாதீங்க. இல்ல, எழுதிக்குங்க. எந்தக் கட்டத்துல போடுவீங்கன்னுதான் தெரியல.

நேத்து மத்தியானம் வந்து நிக்கறான். ரெய்டார், நாளைக்கு அவங்க கேட்டா தாள்ல இருக்கறதையே சொல்லிடு, பள்ளிக்கூடம் போனா போகுதுங்கறான். போனா போகுதாம். மூணு பேரோட சோறு. அப்பத்தான் வாய் விட்டுக் கேட்டுட்டேன்.

பதிலா? அந்தப் பக்கம் திரும்பி நின்னு கோப்பையக் கழுவ ஆரம்பிச்சுட்டான். இருபத்தாறு வருஷத்துல அவன் கோப்பை கழுவி நான் பார்த்ததே இல்ல. அதுவும் கழுவி வெச்ச கோப்பை.

என்ன கேட்டேனா? பெருசா ஒண்ணுமில்லம்மா. ஆஸ்லாக்கு, நீ ஏறாத ஏறாதன்னு கத்தக் கத்தத்தானேடா நான் கயிறில்லாம ஏறினேன்?